ஆயிரங் குரலோன் மெல் பிளாங்க்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் நம்மைப் பணிப்பது வழக்கம். புலவர்களையும் நாட்டுத் தலைவர்களையும் பற்றி முன்னர் எழுதியுள்ளோம். இவ்வாண்டு ஒரு நகைச்சுவை நடிகரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர், அமெரிக்க நாட்டவர். எனினும், கேரட்டைக் கடித்த வண்ணம் வேட்டைக்காரனை ஏய்க்கும் முயலைத் தொலைக்காட்சியில் கண்டு சிரியாத குழந்தை நம் காலனியில் இல்லை எனலாம். அம்முயலுக்கு முதன்முதல் குரல் தந்தவர் இவரே. முயலின் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். குரல் தந்தவரின் பெயரைக் கேட்டால் பெற்றோர்க்கும் தெரியாது.

நாம் பார்ப்பது ரயில்வேயில் எழுத்தர் பணி. பயணச்சீட்டுச் சாளரத்துக்கு அப்பால் நிற்போர்க்கு நம் விரல்கள் தெரியும், குரல் கேட்கும், முகம் நினைவில் நிற்பதில்லை. அதில் நமக்கு வருத்தமில்லை. வண்டியைப் பிடிக்க விரைபவர்க்கு எழுத்தரின் முகம் எதற்கு? ஆயினும், முகம் தெரியாமல் செய்யும் பணிக்கு என்ன மதிப்பு என்னும் வினா எப்போதாவது மனத்தில் எழாமல் போவதில்லை. அவ்வினாவோடு படித்தபோதுதான் மெல் பிளாங்கின் வரலாறு நம் நெஞ்சைத் தொட்டது.

இளமை

மெல்வின் ஜெரோம் பிளாங்க் 1908-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்ததும் அதே 1908-ஆம் ஆண்டுதான். பூமியின் இரு கோடிகளில் இரு நாடுகளைச் சிரிக்க வைக்கப் போகும் இரு குழந்தைகளை ஒரே ஆண்டு ஈன்றது என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பிளாங்கின் பெற்றோர் ரஷ்ய நாட்டு யூத மரபினர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர்கள் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே பெண்களுக்கான ஆடை வாணிகம் நடத்தினர். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழ்ந்த ஊர் அது. ஒரு தெருவில் ஒரு மொழி. மறு தெருவில் மற்றொரு மொழி. ஆங்கிலம் பேசும்போதும் ஒவ்வொருவர் நாவிலும் அவரவர் தாய்மொழியின் சாயல் படிந்திருக்கும். சிறுவன் மெல் அந்தச் சாயல்களைச் செவியால் பொறுக்கிச் சேர்த்தான். வீட்டுக்கு வந்து அவற்றைப் பேசிக் காட்டினான். இந்தியும் வங்காளமும் பஞ்சாபியும் காதில் விழ வளரும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு இச்செய்தி புதிதன்று. அவர்களும் மாலையில் கூடி, யார் எப்படிப் பேசுவார் என்று பேசிக் காட்டுவதை நாம் கேட்டிருக்கிறோம். நம்மைப்போலப் பேசிக் காட்டுவதையும் ஒருநாள் கேட்டோம்.

பள்ளியில் மெல் நன்மாணாக்கன் என்று பெயர் எடுத்தாரில்லை. அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள்படும். பெயருக்கேற்பவே நீயும் ஒன்றுமில்லாதவனாகப் போவாய் என்று ஆசிரியர் ஒருவர் இகழ்ந்ததாகவும், அச்சொல் பொறாமல் பெயரின் கடைசி எழுத்தாகிய கே என்பதை நீக்கிச் சி என்று மாற்றிக்கொண்டதாகவும் பிளாங்க் பின்னாளில் தாமே கூறியுள்ளார். ஒலி மாறவில்லை, எழுத்து மட்டுமே மாறியது. ஆசிரியர் ஒருவர் விளையாட்டாகச் சொல்லும் சொல் எத்தனை ஆண்டுகள் நெஞ்சில் தங்குகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதே பள்ளியின் நீண்ட நடைக்கூடத்தில் எதிரொலி நன்கு கேட்குமாம். அங்கே நின்று உரத்த குரலில் ஒரு வினோதச் சிரிப்பைச் சிரித்து, அது திரும்பி வருவதைக் கேட்டு மகிழ்வது அவர் வழக்கம். பல ஆண்டுகளுக்குப் பின்னர் 1940-இல் உட்டி உட்பெக்கர் என்னும் மரங்கொத்திப் பறவை படத்தில் தோன்றியபோது, அதன் சிரிப்பாக உலகெங்கும் ஒலித்தது அந்தப் பள்ளிக் கூடத்துச் சிரிப்பே.

வானொலியில் பயிற்சி

அவர் முதலில் நாடியது இசையை. வயலின் வாசித்தார், தூபா என்னும் பெரிய ஊதுகருவியும் வாசித்தார், வாத்தியக் குழுக்களில் சேர்ந்து பொருள் ஈட்டினார். 1927-இல் போர்ட்லண்டு வானொலி நிலையம் ஒன்றில் பேசத் தொடங்கினார். ஒரே நிகழ்ச்சியில் பல பாத்திரங்களுக்குக் குரல் மாற்றிப் பேசும் அவருடைய திறம் அப்போதே பலர் கவனத்தை ஈர்த்தது.

1933-இல் எஸ்டெல் என்னும் நங்கையை மணந்தார். அதே ஆண்டு கணவனும் மனைவியும் சேர்ந்து போர்ட்லண்டு வானொலியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினர். வேறு நடிகர்களை அமர்த்த நிலையத்தார் பணம் தரவில்லை. ஆகவே கிழவன், குழந்தை, அயல்நாட்டான், குடிகாரன் என்று கதையில் வரும் அனைவருக்கும் அவ்விருவரே பேச வேண்டியதாயிற்று. நம் ஊர்த் திருவிழாக்களில் பொம்மலாட்டம் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். திரைக்குப் பின்னே நிற்பவர் ஒருவரே அரசனுக்கும் பேசுவார், கோமாளிக்கும் பேசுவார். பிளாங்கின் பல குரல்கள் பிறந்தது வளத்தினால் அன்று, பற்றாக்குறையினால். கையில் காசில்லாத நிலையத்தார் தம்மை அறியாமலே அவருக்கு ஓர் உயர்ந்த பள்ளியை நடத்தினர் எனலாம்.

மனைவியின் தூண்டுதலால் 1935-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மீண்டும் சென்றார். அங்கே லியான் ஷ்லெசிங்கர் என்பவர் வார்னர் நிறுவனத்தாருக்காகச் சித்திரப் படங்களைத் தயாரித்து வந்தார். அவருடைய படக்கூடத்தில் குரல் தேர்வுக்காகப் பிளாங்க் ஒன்றரை ஆண்டுக் காலம் விடாமல் சென்று கேட்டார். போதிய குரல்கள் எம்மிடம் உள்ளன என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை. மறுத்து வந்த அலுவலருக்குப் பின்னர் அவ்விடத்துக்கு வந்தவர் இவரைப் பேசச் சொல்லிக் கேட்டார். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் வேலை கிடைத்தது. முதற்படத்தில் கிடைத்த வேடம் யாது தெரியுமோ? குடித்து மயங்கிய ஒரு காளை மாடு!

உயிர் பெற்ற சித்திரங்கள்

சித்திரப் படங்களில் முதலில் சித்திரம் வரைந்து பிறகு குரல் சேர்ப்பார்கள் என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை நேர்மாறானது. நடிகர் முதலில் பேசிப் பதிவு செய்வார். அப்பேச்சைக் கேட்டு, அதன் ஏற்ற இறக்கத்துக்கும் இடைவெளிக்கும் ஏற்ப ஓவியர்கள் வாயையும் புருவத்தையும் வரைவார்கள். ஆகவே முயலின் முகபாவம் என்று நாம் கண்டு சிரிப்பதில் ஒரு பாதி பிளாங்கின் நாவிலிருந்து பிறந்ததே.

போர்க்கி என்னும் பன்றிக்குட்டிக்கு முன்னர்ப் பேசி வந்த நடிகர் இயல்பாகவே திக்குவாயர். திக்கு தம் வசத்தில் இல்லாமையால் அவரால் குறித்த நேரத்தில் வசனத்தை முடிக்க இயலவில்லை, படச்சுருள் வீணாயிற்று. 1937-இல் அப்பொறுப்பைப் பிளாங்க் ஏற்றுத் திக்கலையே தாளத்துக்குள் அடக்கினார். இசைக்குழுவில் பெற்ற பயிற்சி ஈங்கு உதவிற்று. அதே ஆண்டு டாஃபி என்னும் வாத்து தோன்றிற்று. 1940-இல் பக்ஸ் பன்னி என்னும் முயல் தன் முழு உருவோடு வெளிவந்தது. நியூயார்க் நகரின் இரு பகுதி மக்களுடைய பேச்சைக் கலந்து அம்முயலுக்கு ஒரு முரட்டுத் துணிச்சலான குரலை அவர் படைத்தார். தொடர்ந்து மஞ்சள் குருவிக்குஞ்சு ட்வீட்டியும், அதைத் தின்ன அலையும் பூனை சில்வெஸ்டரும், இன்னும் பலரும் வந்தனர். துரத்தும் பூனைக்கும் தப்பும் குஞ்சுக்கும் பேசியவர் ஒருவரே!

பூனையின் குரலும் வாத்தின் குரலும் அடிப்படையில் ஒன்றே. வாத்தின் பேச்சை மட்டும் பதிவுக்குப் பின் விரைவுபடுத்தி ஓடவிடுவார்கள். இதை அறிந்தபின் அப்படங்களைக் கேட்டால் இரண்டும் உடன்பிறப்புகள் என்பது செவிக்குப் புலனாகும்.

முயல் கேரட்டைக் கடிக்கும் ஓசைக்காக அவர் உண்மைக் கேரட்டையே கடித்தார். ஆப்பிளையும் பிற காய்களையும் கடித்துப் பார்த்தார்களாம். அந்த ஓசை வேறெதிலும் வரவில்லை. ஆனால் வாயில் கேரட்டை வைத்துக்கொண்டு அடுத்த வசனத்தைப் பேச முடியாது. மென்று விழுங்கவோ நேரமில்லை. ஆகவே பதிவை நிறுத்தி, அருகிலிருந்த தொட்டியில் துப்பிவிட்டு மேலே பேசுவார். சிரிப்பின் பின்னே இத்தகைய பாடுகளும் உள.

வால்ட் டிஸ்னியின் பினோக்கியோ படத்தில் ஒரு பூனைக்கு அவர் பேசியது அனைத்தும் நீக்கப்பட்டு, ஒரு விக்கல் மட்டுமே எஞ்சியது. பாடுபட்டது முழுவதும் போய் விக்கல் ஒன்றே மிஞ்சினாலும், மறுநாள் அதே ஊக்கத்தோடு வேலைக்குச் செல்லும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கு நல்லொழுக்கம் கற்பிக்க எடுத்த சித்திரப் படங்களில், எல்லாவற்றையும் தவறாகச் செய்யும் ஸ்நாஃபு என்னும் வீரனுக்கும் அவரே குரலளித்தார்.

திரையில் ஒரு பெயர்

சித்திரப் படங்களில் குரல் தருவோர் பெயரைத் திரையில் காட்டும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. 1944-ஆம் ஆண்டையொட்டி, பிளாங்க் தயாரிப்பாளரிடம் ஊதிய உயர்வு கேட்டார். பணம் தர மனமில்லாத ஷ்லெசிங்கர், வேண்டுமானால் பெயரைப் போடுகிறேன் என்றார். பிளாங்க் இசைந்தார். ஊதிய உயர்வு கேட்டவருக்கு வெறும் எழுத்தைக் கொடுத்தனுப்பினார்களே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வரியினால்தான் வானொலியிலும் பிற இடங்களிலும் அவருக்கு வேலை குவிந்தது. வெறுமை என்று இகழப்பட்ட பெயர் திரையில் நின்றது.

இங்கே இன்னொன்றையும் மறையாது கூறவேண்டும். அப்படங்களில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரனுக்குப் பல்லாண்டு பேசியவர் ஆர்தர் கியூ. பிரையன். பெண் பாத்திரங்கள் பலவற்றுக்குப் பேசியவர் பீ பெனடரெட். இவர்கள் பெயர் நெடுங்காலம் திரையில் வரவில்லை. பிளாங்கின் பெயர் மட்டுமே வந்தமையால், எல்லாக் குரலும் அவருடையதே என்று மக்கள் எண்ணிவிட்டனர். ஒருவருக்குக் கதவு திறந்தது. உடன் நின்றவர்க்கு அது மூடியே கிடந்தது. போற்றுதற்குரியவர் வாழ்விலும் இத்தகைய பகுதி உண்டு. அதை விட்டுவிட்டு எழுதுவது வரலாறாகாது, வாழ்த்துப்பாவாகிவிடும்.

ரயில் அறிவிப்பாளர்

இனி நம் துறையோடு தொடர்புடைய பகுதிக்கு வருவோம். ஜாக் பென்னி என்பவர் அமெரிக்க வானொலியின் புகழ்பெற்ற நகைச்சுவையாளர். அவருடைய நிகழ்ச்சியில் பிளாங்குக்கு முதலில் கிடைத்தது ஒரு பனிக்கரடியின் உறுமல் மட்டுமே. சில திங்கள் உறுமிய பின், தமக்குப் பேசவும் தெரியும் என்று அவர் பென்னியிடம் பணிவாக நினைவூட்டினார். அதன்பின் வேடங்கள் பெருகின. பென்னியின் பழைய மோட்டார் வண்டி புறப்படும் ஓசைக்காக ஓர் இசைத்தட்டு வைத்திருந்தனர். ஒருநாள் அது குறித்த நேரத்தில் ஒலிக்கவில்லை. பிளாங்க் ஒலிவாங்கியை நோக்கி ஓடி இருமி, தும்மி, முக்கி, முனகி ஒரு கிழ வண்டியாகவே ஆகிவிட்டார். அதுமுதல் அவ்வண்டி அவர் வாயிலேயே ஓடிற்று.

அவர் ஏற்ற வேடங்களுள் நம் மனத்துக்கு மிக உகந்தது ரயில் நிலைய அறிவிப்பாளர் வேடம். கலிபோர்னியாவில் உள்ள அனகைம், அசூசா, குக்கமங்கா ஆகிய மூன்று ஊர்களுக்குச் செல்லும் வண்டி புறப்படப் போவதாக அவர் அறிவிப்பார். மூன்றாம் ஊரின் பெயரைக் குக் என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுவார். நடைமேடையில் கதை தொடரும். பலர் வருவர், பேசுவர், போவர். கேட்போர் மறந்தே போன வேளையில் எஞ்சிய எழுத்துகள் ஒலிபெருக்கியில் வந்து விழும். வாரந்தோறும் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். சிரிப்பும் அதனோடு நீளும்.

நாம் பணியிற் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நிலையத்தில் ஊழியர் ஒருவரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வண்டிகளை அறிவித்து வந்தார். வண்டியெண்ணைச் சொல்லிவிட்டு நடைமேடை எண்ணைச் சொல்லுமுன் அவருக்கு இருமல் வந்துவிடும். மூட்டை முடிச்சுகளைத் தலையில் ஏற்றியவர்கள் ஒரு காலைத் தூக்கியபடி காத்து நிற்பார்கள். இன்று பெரும்பாலான நிலையங்களில் பதிவு செய்த குரலே ஒலிக்கின்றது, அது இருமுவதில்லை. ஆயினும் அம்முதியவர் ஓய்வு பெற்ற நாளில், அவரை நேரில் கண்டறியாத பயணிகள் சிலர் குரலைச் சொல்லி அடையாளம் கேட்டு வந்து வணங்கிச் சென்றனர். அக்காட்சியை நாம் இன்றும் மறக்கவில்லை.

முயல் அழைத்து வந்த மனிதர்

1960-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னி என்னும் அண்டை வீட்டுக்காரனுக்குப் பிளாங்க் குரல் தந்தார். மறு ஆண்டு, 1961 ஜனவரி 24-ஆம் நாள் இரவு, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆபத்து மிகுந்ததென்று பெயர்பெற்ற ஒரு சாலை வளைவில் எதிரே வந்த வண்டி அவர் வண்டியின் மேல் மோதியது. கால்கள் இரண்டும் முறிந்தன; இடுப்பெலும்பும் முறிந்தது; தலையில் கடுங்காயம். ஏறக்குறைய இரு வாரம் நினைவின்றிக் கிடந்தார். மனைவியும் மகன் நோயலும் படுக்கையருகே அமர்ந்து பெயர் சொல்லி அழைத்தனர். விடையில்லை.

ஒருநாள் மருத்துவர் ஒருவர் மெல் என்று அழைப்பதை விடுத்து, முயலை விளித்து, இன்று உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சிறிது நேரம் அமைதி. பின்னர் அந்தக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து முயலின் குரல் மெலிந்து விடையளித்தது. மருத்துவர் பன்றிக்குட்டியை அழைத்தார், அதுவும் பேசிற்று. இந்நிகழ்ச்சியை அம்மருத்துவரும் குடும்பத்தாரும் பின்னாளில் கூறியுள்ளனர். பிளாங்குக்கோ அது நினைவில் இல்லை.

இதைப் படித்தபோது நாம் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தோம். அம்மனிதர் தம் வாழ்நாளெல்லாம் குரலைக் கொடுத்துச் சித்திரங்களுக்கு உயிரூட்டினார். அவர் உயிர் ஊசலாடியபோது அச்சித்திரங்கள் வந்து அவரைக் கைப்பிடித்து மீட்டு வந்தன. தம் பெயரைச் சொல்லி அழைத்தபோது கேளாத செவி, தம் பணியைச் சொல்லி அழைத்தபோது கேட்டது. முகமில்லாத பணிக்கு மதிப்பு என்ன என்று கேட்டோமே, அதற்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

அவர் தேறி வருமுன் சில நிகழ்ச்சிகளில் டாஸ் பட்லர் என்னும் நடிகர் அவருக்காகப் பேசி இடத்தைக் காத்தார். பின்னர்ப் பதிவுக் கருவிகளைப் பிளாங்கின் வீட்டுக்கே கொண்டு வந்தனர். உடல் முழுவதும் மாக்கட்டோடு அவர் மல்லாந்து கிடக்க, ஒலிவாங்கியை வாயருகே தொங்கவிட்டு, உடன் நடிப்போர் கட்டிலைச் சூழ்ந்திருந்து பேசினர். அந்நாளில் அத்தொடரைப் பார்த்துச் சிரித்த வீடுகளில், பார்னி படுத்துக்கொண்டு பேசுகிறான் என்பதை யார் கண்டார்?

இறுதி நாள்கள்

பிற்காலத்தில் மகனோடு சேர்ந்து விளம்பர ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1988-இல் வெளிவந்த ஹூ பிரேம்ட் ரோஜர் ராபிட் என்னும் படத்தில், எண்பதாம் அகவையிலும், தம் பழைய பிள்ளைகளாகிய முயலுக்கும் வாத்துக்கும் குஞ்சுக்கும் மீண்டும் பேசினார். 1989-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தமது 81-ஆம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். படம் முடியும்போது பன்றிக்குட்டி தோன்றி விடைபெறும் சிறு வாக்கியமே அவர் விரும்பியபடி கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அழ வந்தவரையும் முறுவலிக்கச் செய்து அனுப்பும் கல்லறை அது.

அன்பர்களே! ஆண்டு விழாவன்று நம் சங்க மேடையில் நாடகம் நடக்கும். நடிப்போர் பெயர்கள் நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். பக்கத் திரையின் மறைவில் வியர்க்க நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டரின் பெயரும், திரை இழுப்பவர் பெயரும், இடி மழை ஓசைக்காகத் தகரத்தைத் தட்டும் பிள்ளையின் பெயரும் இதுவரை அச்சானதில்லை. ஒரு வரி அச்சிட ஆகும் செலவு மிகச் சிறிது. அந்த ஒரு வரி ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதைப் பிளாங்கின் வரலாற்றில் கண்டோம். அந்த வரி கிடையாதவர் நிலையையும் கண்டோம். இவ்வாண்டு முதல் அப்பெயர்களையும் சேர்த்து அச்சிடுமாறு செயற்குழுவினரைப் பணிவன்புடன் வேண்டி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!